30க்கு 17 எடுத்தால் அம்மாவுக்கு டிமென்ஷியாவா?

நீங்கள் கேட்டதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 74 வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். சர்க்கரை மருந்து வாங்க அரசாங்கக் கிளினிக்குக்குப் போன இடத்தில் ஒரு மறதிச் சோதனை வைத்து, 30க்கு 17 என்று சொல்லி, "டிமென்ஷியா, அதாவது மறதி நோய், இருக்கலாம்" என்று பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா அழுகிறார். மருந்து உடனே ஆரம்பிக்க வேண்டுமா, ஒரு குறையும் சொல்லாத 78 வயது அப்பாவையும் கூட்டிப்போய் இதே சோதனையை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அந்த 17ஐ நம்புவதா, வேண்டாமா?

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். முதியவர்கள் முன்னால் உட்கார்ந்து இந்தச் சோதனைகளை வைப்பதும், அவர்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பொறுப்பு. உங்கள் அம்மாவை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று இங்கிருந்தபடி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த எண் எப்படி வருகிறது, அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள், 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது எம்.எம்.எஸ்.இ. என்ற சோதனை. 1975ல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் உடன் இருந்தவர்களும் வெளியிட்டது. மொத்தம் 30 மதிப்பெண், 23ம் அதற்குக் கீழும் வந்தால் மேலே பார்க்க வேண்டும் என்பது வழக்கமான கோடு. இப்போது மூன்றாம் வகுப்போடு நின்று, அதன்பிறகு பேனாவே பிடிக்காத ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். தாளில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1 மதிப்பெண். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத 1. ஐங்கோணத்துக்கு 1. ஏழு ஏழாகக் கழிப்பதற்கு 5. இந்த எட்டும் பெரும்பாலும் பள்ளிக்கூடம் கொடுக்கும் மதிப்பெண்கள். இவற்றை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் அவருக்கு 22தான் வரும். மூளையில் ஒரு கோளாறும் இல்லாமலே அவர் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்.

மீதிக் கேள்விகளிலும் சிக்கல் இருக்கிறது. தேதி கேட்பார்கள். ஆங்கிலத் தேதி தெரியாத பாட்டிக்கு ஆடி பிறந்து எத்தனை நாள், அமாவாசை எப்போது என்பது விரல் நுனியில் இருக்கும். எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்று ஒரு கேள்வி உண்டு. தரையோடு தரையாக இருக்கும் கிளினிக்கில் அதைக் கேட்டால், ஏதோ சூட்சுமம் இருக்கிறதென்று நினைத்துத் தடுமாறிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதனை எந்த மொழியில் நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மலாயில் கேட்டு, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொல்லி, அம்மா தமிழில் பதில் சொல்லி, அது திரும்ப மலாய்க்குப் போயிருந்தால் அந்த 17ல் எவ்வளவு அம்மாவுடையது, எவ்வளவு மொழிபெயர்த்தவருடையது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கூட வந்த பிள்ளை பதற்றத்தில் ஜாடை காட்டுவதும் நடக்கும், அது மதிப்பெண்ணை மறுபக்கம் கெடுக்கும்.

படிப்பு இந்த மதிப்பெண்ணை எவ்வளவு இழுக்கும் என்பது 1993லேயே அச்சில் வந்துவிட்டது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் இதே சோதனையை வைத்துப் பார்த்தார்கள். ஒன்பது வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களில் நடுவில் நிற்பவரின் மதிப்பெண் 29. நான்கு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களில் நடுவில் நிற்பவரின் மதிப்பெண் 22. அதாவது அந்தக் கூட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் 22க்குக் கீழ். அவர்கள் எல்லோருக்கும் டிமென்ஷியா இல்லை.

இதற்குத் தலைகீழாகவும் நடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் முன்னால் 28 எடுத்தார், 100லிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே மளமளவென்று இறங்கினார். வெளியே வந்த அவர் மனைவி, மூன்று மாதமாக ஒரே தண்ணீர் பில்லை இரண்டு தடவை கட்டிவிட்டு வருகிறார், பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழி தெரியாமல் நின்றார் என்றார். படித்த படிப்பு பல வருடங்களுக்கு நோயை மறைத்து வைக்கும். அங்கே 28 ஆறுதல் தரக்கூடாது.

ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில், சோதனை சரியில்லை என்று சொல்லிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கேள்வியின் கடைசியில், சேர்த்துச் சொல்வது போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மாரியம்மன் கோவில் அன்னதானத்துக்கு இருநூறு பேருக்கு அளவு பார்த்துச் சமைத்தவர், இந்த இரண்டு வருடமாக வீட்டு ரசத்துக்கே இரண்டு தடவை உப்புப் போடுகிறார், கேட்டதையே கேட்கிறார் என்று. எனக்கு அந்த வரிதான் 17ஐ விடக் கனமாகத் தெரிகிறது. இருநூறு பேர் சமையல் என்பது அரிசி அளவு, அடுப்பு வரிசை, எது முன்னால் எது பின்னால், யாரை எந்த வேலைக்கு விடுவது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தலையில் வைத்திருப்பது. அதைச் செய்த கையில் ஒரு சட்டி ரசம் தடுமாறினால், அது அவரை அவரோடே ஒப்பிட்டுத் தெரியும் இறக்கம். பள்ளிக்கூடம் அதிகம் போகாததால் வந்த குறை இப்படி இரண்டு வருடத்தில் முளைக்காது. பிறந்ததிலிருந்து அவரோடு இருந்திருக்கும். இந்தப் பதிலில் நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்: உங்கள் அம்மாவை ஊரில் உள்ள மற்றவர்களோடு அளக்காதீர்கள், பத்து வருடத்துக்கு முந்தைய உங்கள் அம்மாவோடு அளந்து பாருங்கள்.

இப்படிக் கேட்பதற்கென்றே கேள்வித்தாள்கள் இருக்கின்றன. வீட்டில் உடன் இருப்பவரிடம் கேட்பவை அவை. 1989ல் ஆஸ்திரேலியாவில் உருவான ஐ.கியூ. கோட், பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றிலும் தேறினாரா, அப்படியே இருக்கிறாரா, இறங்கினாரா என்று கேட்கும். 2005ல் வந்த ஏ.டி.8 இன்னும் சின்னது, எட்டே கேள்விகள். அவற்றில் இரண்டுக்கோ அதற்கு மேலோ "ஆமாம், மாறியிருக்கிறது" என்று வந்தால் முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். நம் வீடுகளுக்கு ஏற்றபடி நான் இதைத்தான் கேட்பேன்: முன்பு போட்ட கணக்கை, பசாரில் ஐம்பது வெள்ளி நீட்டிப் பாக்கியை எண்ணி வாங்குவதை, இப்போதும் செய்கிறாரா? புது ஃபோனோ புது ரைஸ் குக்கரோ வந்தால் பழகிக்கொள்கிறாரா? கிளினிக் தேதியை யாரும் சொல்லாமல் நினைவில் வைத்திருக்கிறாரா? விருப்பமாகச் செய்தவற்றை, பூச்செடி, கோவில் கோலம், பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சு, காரணமில்லாமல் விட்டுவிட்டாரா? இந்த முறையிலும் பலவீனம் உண்டு. கூட இருப்பவர் களைத்துப் போயிருந்தால் எல்லாமே மோசமாகத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு மட்டும் கோலாலம்பூரிலிருந்து வரும் பிள்ளைக்கு அம்மா நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றும். ஆகவே ஒரே வீட்டில் இருப்பவர் பதில் சொல்வது நல்லது.

ஒரு விஷயத்தில் குடும்பங்கள் அடிக்கடி ஏமாறுகின்றன. அந்தக் காலத்து அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டத்துக்கு வந்தபோது யார் மாலை போட்டார்கள், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு எப்படிப் பங்குப் பணம் கட்டினோம், எந்தக் கங்காணி பால் வெட்ட எந்த மர நிரையைக் கொடுத்தார் என்று அம்மா தெளிவாகச் சொல்வார். "இவ்வளவு ஞாபகம் இருக்கிறவருக்கா மறதி நோய்?" என்று வீட்டார் கேட்பார்கள். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரில் முதலில் நழுவுவது இன்று காலை நடந்தது, நேற்று யார் வந்தார்கள் என்பது. பழைய நினைவுகள் நெடுநாள் நிற்கும். அதை வைத்து இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

சரி, மாற்றம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது டிமென்ஷியா என்று ஆகிவிடாது. சர்க்கரை மருந்து என்கிறீர்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அது மறதியையும் கால் மரத்துப்போவதையும் கொண்டுவரும், ஊசியோ மாத்திரையோ போட்டால் சீராக வாய்ப்புண்டு. கிளிக்ளசைடோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாத நாளில் சர்க்கரை இறங்கினால் குழம்பிப் பேசுவார்கள், அதுவும் மறதி நோய் போலவே தெரியும். தைராய்டு குறைவு, ரத்தத்தில் உப்புக் குறைவு, இரவில் தூக்கமின்மை எல்லாம் இதே வேடம் போடும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் பிரிட்டான் மாத்திரை, சில தூக்க மாத்திரைகள், சிறுநீர் அடக்கமில்லாததற்குக் கொடுக்கும் சில மருந்துகள் வயதானவர்களின் மூளையை மந்தப்படுத்தும். இதை எத்தனையோ வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கணவரோ பிள்ளையோ போன துக்கத்தில் வரும் மனச்சோர்வும் மறதியாகத்தான் வெளியே தெரியும். மனச்சோர்வு உள்ளவர்கள் கேள்விக்குத் தப்பாகச் சொல்வதை விட, "தெரியாது" என்று சொல்லி விட்டுவிடுவது அதிகம். காது கேட்காதவருக்கு, நினைவில் வைக்கச் சொன்ன மூன்று வார்த்தையும் காதிலேயே ஏறியிருக்காது. கண்புரை இருந்தால் ஐங்கோணம் எங்கே தெரியப் போகிறது.

இவற்றில் காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி போன்ற ஒன்றின் விளைவு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்து, அதன்பின் சில வாரங்களில் தலைவலியும் குழப்பமும் கூடினால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், அதுவும் அவசரம். நடை மாறி, கால் தரையில் ஒட்டியது போல இழுத்து, சிறுநீரும் அடக்க முடியாமல் போனால் அதையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அப்படி வரும் ஒரு நோய்க்கு அறுவை சிகிச்சை உண்டு.

மருந்து பற்றி: கிளினிக்கில் வைத்த சோதனை எண் ஒன்றை மட்டும் வைத்து டொனெபெசில் போன்ற மறதி நோய் மாத்திரையைத் தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன். நல்ல மருத்துவர் யாரும் அப்படிச் செய்யவும் மாட்டார். ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன், வீட்டாரிடம் விசாரணை, ஒழுங்கான சோதனை எல்லாம் முடிந்து, எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சு. நோயை நிறுத்தும் சக்தி அந்த மாத்திரைகளுக்கு இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் தாங்கும். வயிற்றுப் பிரட்டல், நாடித்துடிப்பு குறைவது, மயக்கம் ஆகியவை வரலாம். தனியார் ஆய்வகங்களில் ரத்தத்தை எடுத்து அல்சைமரைக் கண்டுபிடிக்கலாம் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 2025 மே மாதம் முதலில் அனுமதி பெற்ற அந்த வகைச் சோதனை, ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்களைச் சிறப்பு மருத்துவர் ஆராயும்போது பயன்படுத்துவதற்கு. கடையில் எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்கு அது ஏற்றதில்லை.

இப்போது அப்பா. மனிதர் நன்றாக நடமாடுகிறார், கணக்கு வழக்கு பார்க்கிறார், நீங்களும் எந்த மாற்றத்தையும் காணவில்லை என்றால் நான் சோதனை வைக்கச் சொல்ல மாட்டேன். 2018ல் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று வந்தது. அதுவும் ஒரு சோதனைக் கேள்வித்தாளால் கணித்ததே, ஒவ்வொருவரையும் மருத்துவர் பார்த்து உறுதிசெய்ததல்ல. அதையே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குறை ஒன்றும் சொல்லாத 1,000 பேர், அவர்களில் 85 பேருக்கு நோய். நோய் உள்ள நூறில் 80 பேரைப் பிடித்து, இல்லாத நூறில் 80 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை என்று கொள்வோம். நோய் உள்ளவர்களில் 68 பேர் சிக்குவார்கள். நோய் இல்லாத 915 பேரில் 183 பேரும் சிக்குவார்கள். "இருக்கலாம்" என்று கடிதம் வாங்கி அழும் 251 பேரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் நோய். படிக்காதவர்கள் அதிகமுள்ள தோட்டத்து மக்களிடம் இந்த வீண் பயம் இன்னும் கூடும்.

இது என் தனிக் கருத்தல்ல. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2020லும், அறிகுறி இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் சோதனையால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. கனடாவின் குழு 2016ல் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 4,000 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்குச் சோதனை வைத்தும் மறுபாதிக்கு வைக்காமலும் பார்த்த ஆய்வு 2020ல் வெளிவந்தது. வாழ்க்கைத் தரம் கூடவில்லை, மனச்சோர்வும் கூடவில்லை. நியாயமாகச் சொல்வதானால், மறுபக்கமும் சிலர் வாதாடுகிறார்கள்: முன்கூட்டியே தெரிந்தால் குடும்பம் தயாராகலாம் என்று. அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதற்குச் சோதனையை விடக் கண்ணைத் திறந்து வைத்திருப்பது போதும் என்று நினைக்கிறேன். அப்பாவுக்காக அலைய நினைத்தால் அவருடைய ரத்த அழுத்தம், கொழுப்பு, காது, கண்புரை ஆகியவற்றைப் பாருங்கள், சிகரெட்டையும் சம்சு சாராயத்தையும் விடச் சொல்லுங்கள். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024ல் பட்டியலிட்ட 14 காரணங்களில் இவை எல்லாம் இருக்கின்றன. அந்தப் பதினான்கையும் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது மொத்த மக்கள் தொகைக்கான மதிப்பீடு. தனி ஒருவருக்கு அது உத்தரவாதம் ஆகாது.

அம்மாவை எப்படியும் கூட்டிப் போங்கள். போகும்போது அவருடைய மூக்குக்கண்ணாடி, இருந்தால் காதுக்கருவி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், கடையில் வாங்கியதும் நாட்டு மருந்தும் உட்பட, ஒரே பையில் இருக்கட்டும். காலையில் சாப்பிட வைத்துவிட்டுக் கூட்டிப் போங்கள். கேள்விகளை வீட்டில் சொல்லிக்கொடுத்துப் பழக்காதீர்கள். எம்.எம்.எஸ்.இ.யையே திரும்ப வைக்க வந்தால், அம்மா மூன்றாம் வகுப்புதான் என்பதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், தமிழ் பேசும் பணியாளர் இருந்தால் அவர் வைக்கட்டும் என்று கேளுங்கள். படிப்பு குறைந்தவர்களுக்கென்று மோகா பேஸிக், ருடாஸ் போன்ற சோதனைகள் இருக்கின்றன. 2004ல் சிட்னியில் பல மொழி பேசும் மக்களுக்காக உருவான ருடாஸில், எழுதப் படிக்கச் சொல்ல மாட்டார்கள். கடைக்குப் போகிறோம், தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு இந்த நாலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள், கொஞ்ச நேரம் கழித்து என்ன வாங்க வந்தோம் என்று கேட்பார்கள். "சீனி வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்ட பாட்டி ஒருவர் நாலையும் பிசகாமல் சொன்னார். எழுத்துச் சோதனையில் அவர் முகம் இறுகிக் கிடந்தது, இதில் மலர்ந்தது. கனசதுரம் ஒன்றை வரையச் சொல்வதால் ருடாஸும் பள்ளிக்கூடத்திலிருந்து முழுக்க விடுபட்டதில்லை, ஆனாலும் நம் அம்மாக்களுக்கு நியாயமானது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவர் பாஸா ஃபெயிலா என்று நினைத்து அழுகிறார் என்று எனக்குப் படுகிறது. "அம்மா, உங்களுக்கு உப்பு மறந்து போகிறதே, அது சர்க்கரையாலா, சத்துக் குறைவாலா என்று டாக்டர் பார்க்கப் போகிறார்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. பக்கத்து வீட்டார் முன்னால் மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டாம், பைத்தியம் என்ற பேச்சு வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

ஒருவேளை டிமென்ஷியா என்றே உறுதியானால், சீக்கிரம் செய்ய வேண்டிய காரியம் பத்திரங்கள். மலேசியாவில் பவர் ஆஃப் அட்டர்னி (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்தபின் பொதுவாகச் செல்லாது. பிறகு 2001 மனநலச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போக வேண்டிவரும். அம்மா பெயரில் வீடோ நிலமோ இருந்தால், அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் விருப்பத்தைக் கேட்டு, வழக்கறிஞர் முன்னால் உயில் எழுதிவிடுங்கள். சட்டம் என் துறை இல்லை, ஆகவே இதை வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கவனிப்பவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளையிடமும் கேட்கலாம்.

பெரிய மருத்துவமனைத் தேதி மாதக்கணக்கில் தள்ளி வரலாம். அதுவரை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்த நாள், என்ன நடந்தது, முன்பு அதை எப்படிச் செய்வார், அன்று தூங்கினாரா, சாப்பிட்டாரா, சர்க்கரை எவ்வளவு. அன்னதானச் சமையலைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதிய வரியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவர் 17ஐப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் படிக்கட்டும்.